கத்தரியில் புழு வராத ரகம் எது? கொஞ்சம் நீளமான பதில்

பர்மாவில் பெகு பக்கம் தோட்டம் வைத்திருக்கும் ஒரு தம்பி கேட்டிருக்கிறார்: "ஊதா நீளக் கத்தரி போட்டேன், பாதிக்குப் பாதி சொத்தை. மூன்று நாளுக்கு ஒரு தடவை மருந்து அடித்தும் நிற்கவில்லை. விதைக்கடையில் ஒரு வீரிய ரகத்தைக் காட்டி இதில் புழுவே வராது என்கிறார்கள், வாங்கலாமா? வங்காளதேசத்தில் பி.டி. கத்தரி இருக்கிறதாமே, அந்த விதை கிடைக்குமா? சுண்டைக்காய்ச் செடியில் ஒட்டுக் கட்டினால் பூச்சி வராது என்று தமிழ்நாட்டுச் சொந்தக்காரர் சொல்கிறார், உண்மையா?"

தம்பி, புழுவே வராத ரகம் என்று ஒன்று கிடையாது. குறைவாக வரும் ரகம் உண்டு. அந்தக் "குறைவு" எவ்வளவு, எந்தப் பூச்சிக்கு, எந்தப் பருவத்தில் என்பதில்தான் எல்லாமே இருக்கிறது, விதைப் பொட்டலத்தில் அதைத்தான் எழுதமாட்டார்கள். கடைக்காரர் புழு வராது என்று சொன்னால் "எந்தப் புழு?" என்று திருப்பிக் கேளுங்கள். கத்தரியைத் தேடி வருகிற கூட்டம் அவ்வளவு பெரியது: குருத்தையும் காயையும் துளைக்கும் புழு, அடித்தண்டைத் துளைக்கும் வேறொரு புழு, இலை ஓரத்தைக் கருக வைக்கும் பச்சைத் தத்துப்பூச்சி, இலையைச் சுரண்டித் தின்னும் புள்ளி வண்டு, வேரைக் கடிக்கும் மூக்கு வண்டின் புழு, அசுவினி, வெள்ளை ஈ, வெயில் காலத்துச் செஞ்சிலந்தி. ஒன்றைத் தாங்கும் செடி இன்னொன்றுக்கு விருந்து வைக்கும். இது பேச்சுக்குச் சொல்வதில்லை, நிஜமாகவே அப்படித்தான் நடக்கிறது, கீழே வருகிறேன்.

உங்கள் பிரச்சினை குருத்து, காய் துளைப்பான். லூசினோடஸ் ஆர்போனாலிஸ் என்று பெயர். வெள்ளைச் சிறகில் பழுப்புத் திட்டுகளோடு இருக்கும் சின்ன அந்துப்பூச்சி, ராத்திரியில்தான் நடமாட்டம், அதனால் அதைப் பார்த்திருக்கவே மாட்டீர்கள். இலையின் அடியில், குருத்தில், பூமொட்டில், காம்புத் தொப்பியில் ஒவ்வொன்றாக முட்டை வைக்கும். மூன்று முதல் ஆறு நாளில் பொரியும். பொரிந்த புழு ஒரு மில்லிமீட்டர்தான் இருக்கும், சில மணி நேரத்துக்குள் குருத்துக்குள்ளோ காய்க்குள்ளோ போய்விடும். நீங்கள் மூன்று நாளுக்கு ஒரு தடவை அடிக்கிற மருந்து ஏன் வேலை செய்யவில்லை என்பதற்கு இதற்கு மேல் காரணம் தேவையில்லை: மருந்து இலை மேல், புழு உள்ளே. வெளியே இருக்கும் அந்தச் சில மணி நேரத்தில் பிடித்தால்தான் உண்டு.

நாளைக் காலையில் தோட்டத்துக்குப் போனதும் நுனி தொங்கிக் கிடக்கும் ஒரு குருத்தைக் கிள்ளி, நகத்தால் நெடுக்காகக் கீறிப் பாருங்கள். உள்ளே நடுவில் மெத்தென்று இருக்கும் சோறு முழுக்கத் தின்னப்பட்டுக் குழாயாக இருக்கும், ஈரமான எச்சம் அடைத்திருக்கும், அடியில் இளஞ்சிவப்பு நிறத்தில் புழு உட்கார்ந்திருக்கும். காயில் அது நுழைந்த ஓட்டை பெரும்பாலும் காம்புத் தொப்பிக்கு அடியில் இருக்கும், எச்சத்தால் மூடிப்போகும், காயும் வளர வளரத் தழும்பாகிவிடும். சந்தையில் நாம் பார்த்துக் கழிக்கிற பெரிய வட்ட ஓட்டை புழு வெளியேறிய ஓட்டை. அதைப் பார்க்கும்போது ஆள் ஏற்கெனவே தரையில் சருகுக்குள் கூடு கட்டியாயிற்று. புழுப் பருவம் இரண்டு மூன்று வாரம், கூட்டில் ஒரு வாரம் பத்து நாள், திரும்ப அந்துப்பூச்சி. நம்முடைய கீழ்ப் பர்மா வெக்கையில் ஒரு பயிர்க்காலத்துக்குள் பல தலைமுறை ஓடிவிடும்.

சரி, செடியின் எதிர்ப்பு என்றால் என்ன? பெயிண்டர் என்ற அமெரிக்கப் பூச்சியியலாளர் 1951இல் மூன்றாகப் பிரித்து வைத்தார், இன்றைக்கும் அடிப்படையில் அந்தக் கணக்குதான் ஓடுகிறது. ஒன்று, பூச்சிக்கு அந்தச் செடி பிடிக்காமல் இருப்பது: முட்டை வைக்கவோ தின்னவோ வராது. இரண்டு, வந்து தின்றாலும் செடியின் சாற்றில் இருக்கும் ஏதோ ஒன்று அதை வளரவிடாது, சாகும், அல்லது சூம்பிப்போய் முட்டை குறைந்த தாயாக வெளியே வரும். மூன்று, பூச்சி தின்னத்தான் தின்னும், ஆனால் செடி புதுக் கிளை விட்டு மகசூலை ஈடுகட்டிவிடும். கத்தரியில் மூன்றும் உண்டு. ஆனால் காய் துளைப்பானைப் பொறுத்தவரை நாம் வாங்கக்கூடிய ரகங்களில் இருப்பது பெரும்பாலும் முதலாவதும் கொஞ்சம் மூன்றாவதும்தான், இரண்டாவது மிகக் குறைவு.

இங்கேதான் எல்லோரும் ஏமாறுகிறார்கள், அதனால் கொஞ்சம் நிதானமாகப் படியுங்கள். ஆராய்ச்சித் தோட்டத்தில் இருபது முப்பது ரகத்தைப் பக்கத்துப் பக்கத்தில் நட்டு, எதில் சொத்தை குறைவு என்று எண்ணுகிறார்கள். தாய் அந்துப்பூச்சிக்குப் பிடித்தது பத்தடி தள்ளியே இருக்கும்போது பிடிக்காததை அது விட்டுவிடும். அந்த ரகம் பட்டியலில் மேலே வந்துவிடும். நீங்கள் அந்த விதையை வாங்கி ஒரு ஏக்கர் முழுக்க அதையே போட்டால் பூச்சிக்குத் தேர்ந்தெடுக்க வேறு எதுவும் இல்லை. பசிக்குச் சோறா களியா என்று அதுவும் பார்க்காது. சோதனையில் நூற்றுக்குப் பதினைந்து சொத்தை என்று வந்த ரகம் உங்கள் வயலில் முப்பது, முப்பத்தைந்து என்று வந்தால் விதை போலி என்று கடைக்காரரோடு சண்டைக்குப் போகாதீர்கள், விதை அசலாகவே இருந்தாலும் இப்படி ஆகும்.

அளவுகோலையும் தெரிந்து வைத்துக்கொள்ளுங்கள். துளைப்பானுக்கு ரகங்களைத் தரம் பிரிக்க இந்திய ஆய்வுகளில் அதிகம் கையாளப்படுகிற கணக்கு இது: காயில் ஒன்றுமே இல்லை என்றால் முழு எதிர்ப்பு, பத்து சதவீதம் வரை சேதம் என்றால் உயர்ந்த எதிர்ப்பு, 11 முதல் 20 வரை மிதமான எதிர்ப்பு, 21 முதல் 30 வரை தாங்கும் ரகம், அதற்கு மேல் போனால் எளிதில் தாக்கப்படுவது, 40க்கு மேல் சொல்லவே வேண்டாம். சாகுபடி ரகங்களில் முதல் தரம் காலியாகவே கிடக்கிறது. இரண்டாவதில் எப்போதாவது, ஏதோ ஒரு இடத்தில் ஏதோ ஒரு வருஷம், ஒன்றிரண்டு எட்டிப் பார்க்கும். "மிதமான எதிர்ப்பு" என்று அச்சடித்த பொட்டலத்துக்கு உண்மையான பொருள் ஐந்து காயில் ஒன்று சொத்தையாகலாம் என்பது. நூறு வீசை பறித்தால் இருபது வீசை மாட்டுக்கு. இது ஏமாற்று இல்லை, ஆனால் "புழு வராது" என்று காதில் விழுவதற்கும் இதற்கும் ரொம்ப தூரம்.

குருத்தில் சேதம் குறைவாக இருக்கும் ரகம் காயிலும் குறைவாகத்தான் இருக்கும் என்றும் நினைத்துவிடாதீர்கள். காய் பிடிக்கும் வரைக்கும் புழுவுக்குக் குருத்துதான் வழி. காய் வந்ததும் அது காய்க்கு மாறிவிடும். தண்டு கெட்டியாக இருப்பதால் குருத்தில் நுழைய முடியாமல் போன ரகத்தில்கூட, காய் சதைப்பற்றாக மெத்தென்று இருந்தால் காய்ச் சேதம் தாராளமாக வரும். சிலர் நட்ட நாற்பதாம் நாள் தோட்டத்தைச் சுற்றிப் பார்த்துவிட்டு "இந்த ரகத்தில் ஒரு குருத்துகூட வாடவில்லை" என்று அடுத்த வருஷத்துக்கு விதை எடுத்து வைப்பார்கள். மூன்றாவது நான்காவது பறிப்பைப் பார்க்காமல் எந்த ரகத்தைப் பற்றியும் வாய் திறக்கக்கூடாது என்பது என் கட்சி.

செடியில் எது புழுவைத் தடுக்கிறது? கண்ணால் பார்க்கக்கூடியவை சில உண்டு. மெல்லிய, கெட்டியான குருத்து: உள்ளே சோறு குறைவாகவும் நார்த் திசு நெருக்கமாகவும் இருந்தால் ஒரு மில்லிமீட்டர் புழுவால் குடைய முடியாது. காயோடு இறுக்கமாக ஒட்டிய காம்புத் தொப்பி: தொப்பி தளர்ந்திருந்தால் அடியில் பதுங்கித் துளைக்க இடம் கிடைக்கும். தடித்த தோல், உள்ளே நெருக்கமாக அடுக்கிய விதை. பெரிய உருண்டைக் காயைவிட ஒல்லி நீளக் காயிலும் கொத்தாகக் காய்க்கும் சின்னக் காயிலும் சேதம் பொதுவாகக் குறைவு. உங்கள் ஊதா நீளத்தில் பாதி போனது எப்படி என்று கேட்பீர்கள், பொறுங்கள், யூரியா கதைக்கு வருகிறேன். அப்புறம் கண்ணுக்குத் தெரியாதவை: ஃபீனால் சேர்மங்கள், கசப்புத் தரும் ஆல்கலாய்டுகள். கத்தரியை நறுக்கித் தட்டில் வைத்தால் கறுத்துப்போகிறதே, அது இந்த ஃபீனால்கள், முக்கியமாகக் குளோரோஜெனிக் அமிலம், காற்றுப் பட்டு நொதியோடு சேர்ந்து செய்கிற வேலை. புழு கடிக்கும் இடத்திலும் இதே வேலைதான் நடக்கிறது. எதிர்ப்புள்ள வகைகளில் இந்தச் சேர்மங்கள் கூடுதலாகவும் சர்க்கரை குறைவாகவும் இருப்பதாகப் பல ஆய்வுகளில் வந்திருக்கிறது.

புழுவுக்குக் கசப்பது நமக்கும் கசக்கும், அதுதான் இதிலுள்ள சங்கடம். நூற்றுக்கணக்கான வருஷமாகக் கசப்பில்லாத, சதைப்பற்றான, விதை குறைந்த, தோல் மெல்லிசான காயாகப் பார்த்துப் பார்த்து விதை எடுத்தது நாம்தான். அப்படி எடுக்கும்போது காவலையும் சேர்த்துக் கழற்றிவிட்டோம். பர்மாக்காரர்கள் நப்பித் தண்ணியில் (புளிக்க வைத்த மீன் விழுதைக் கரைத்தது) தொட்டுப் பச்சையாகக் கடித்துத் தின்கிற சின்ன உருண்டைப் பச்சைக் கத்தரி இருக்கிறதே, விதை நெருக்கம், தோல் கெட்டி, லேசான கசப்பு, அதில் இந்தக் காவல் இன்னும் கொஞ்சம் மிச்சம் இருக்கிறது. சாம்பாருக்கு நன்றாக வராது என்று நம் வீடுகளில் வாங்கமாட்டார்கள். ஆனால் விற்க வேண்டியவர் நீங்கள், உங்கள் ஊர்ச் சந்தையில் வாங்குகிறவர்களில் நம்மவர்கள் எத்தனை பேர் என்று யோசித்துப் பாருங்கள்.

முள் பற்றி ஒரு வார்த்தை. முள்ளுக் கத்தரியில் புழு வராது என்று பெரியவர்கள் சொல்வார்கள். வேலூர் முள்ளுக் கத்தரி 2023இல் புவிசார் குறியீடு வாங்கியது, ருசிக்காகவும் பெயருக்காகவும். முள் ஆட்டை நிறுத்தும், பறிக்கிறவர் கையையும் கிழிக்கும். முள்ளுக்கும் முள்ளுக்கும் நடுவில் ஒரு மில்லிமீட்டர் புழுவுக்கு ராஜபாட்டையே இருக்கிறது.

ரகங்களின் பெயர் கேட்பீர்கள். இந்திய ரகங்களில் பந்த் சாம்ராட்டில் துளைப்பான் சேதம் குறைவு என்று எழுதியிருக்கிறார்கள், பாக்டீரியா வாடலையும் அது தாங்கும். அண்ணாமலைப் பல்கலைக்கழகத்தில் தேர்ந்தெடுத்த "அண்ணாமலை" ரகம் அசுவினிக்கு எதிர்ப்புள்ளது என்று பெயர் வாங்கியது, துளைப்பானுக்கு இல்லை. அர்கா நிதி, அர்கா கேசவ் இரண்டும் பாக்டீரியா வாடலுக்காக உருவாக்கியவை, பூச்சிக்காக இல்லை; நிறைய பேர் இதைக் குழப்பிக்கொள்கிறார்கள், "எதிர்ப்பு ரகம்" என்று போட்டிருந்தால் எதற்கு எதிர்ப்பு என்று படிக்க வேண்டும். தைவானில் ஷான்ஹுவாவில் இருக்கும் உலகக் காய்கறி மையம் தன் விதைச் சேமிப்பில் இருந்த வகைகளைச் சோதித்து, துளைப்பானுக்கு ஓரளவு தாங்கும் வகைகளில் இ.ஜி.058 என்ற ஒன்றை முன்வைத்தது. அதுவும் புழுவே இல்லாதது இல்லை, இனவிருத்திக்கு நல்ல பெற்றோர். இவற்றில் எது உங்கள் கைக்குக் கிடைக்கும் என்பது வேறு கேள்வி. யேசினில் வேளாண் ஆராய்ச்சித் துறையின் விதை வங்கி இருக்கிறது, உங்களுக்குப் பக்கத்திலேயே ஹ்லெகூவில் காய்கறி, பழ ஆராய்ச்சி வளர்ச்சி மையம் இருக்கிறது. கடைக்காரரிடம் கேட்பதற்கு முன்னால் அங்கே போய்க் கேளுங்கள்.

ஒன்றைத் தாங்குவது இன்னொன்றுக்கு விருந்து என்றேன் அல்லவா, அதற்கு வருகிறேன். பச்சைத் தத்துப்பூச்சி இலையின் அடியில் உட்கார்ந்து சாறு உறிஞ்சும். இலை ஓரம் மேல்நோக்கிச் சுருண்டு மஞ்சளாகி, பிறகு தீய்ந்துபோகும். இலையில் முடி நெருக்கமாகவும் நீளமாகவும் இருந்தால் அதற்கு உட்கார முடியாது, முட்டையைத் திசுவுக்குள் செருகவும் முடியாது. பருத்தியில் இதே உபாயத்தை வைத்துத்தான் தென் ஆப்பிரிக்காவில் பார்பர்ட்டன் நிலையத்தில் யு4 என்ற பருத்தியை எடுத்தார்கள், அது 1920களின் கதை. கத்தரியிலும் முடி அதிகமான இலைக்குத் தத்துப்பூச்சித் தொல்லை குறைவு. ஆனால் அதே முடி வெள்ளை ஈக்குப் பிடித்தமான இடம், செஞ்சிலந்திக்கு நூல் கட்டத் தோது, பூச்சியைத் தின்னவரும் சின்ன நல்ல பூச்சிகளுக்கு நடக்கவே முடியாத காடு. ஆகவே மழை முடிந்து கார்த்திகையில் நடுகிறவருக்கும், மாசி பங்குனி வெயிலில் காய் பறிக்கிறவருக்கும் ஒரே ரகம் சரிப்படாது. உங்கள் வயலில் எது அதிகம் அடிக்கிறது என்று பார்த்து அதற்கு ரகம் தேட வேண்டும். எல்லாவற்றுக்கும் ஒரே ரகம் தேடினால் ஆயுசு போகும்.

காட்டு உறவுகளிடம் எதிர்ப்பு தாராளமாக இருக்கிறது. கண்டங்கத்தரி, சுண்டை, சோலானம் சிசிம்ப்ரிஃபோலியம் என்ற முள்ளுச் செடி இதிலெல்லாம் துளைப்பானுக்கு வாழ்க்கை கஷ்டம். பிரச்சினை என்னவென்றால் இவற்றைக் கத்தரியோடு கலப்பினம் செய்தால் பெரும்பாலும் விதை பிடிக்காது, பிடித்தாலும் பிறக்கும் செடி மலடு, மலடு இல்லாவிட்டால் காய் கோலிக்குண்டு அளவில் கசப்பாக இருக்கும். பல தலைமுறை திரும்பத் திரும்பக் கத்தரியோடு சேர்த்து நல்ல காயாக்குவதற்குள் எதிர்ப்பு நழுவிப்போகிறது, ஏனென்றால் அது ஒரு மரபணுவின் வேலையாக இல்லை.

இதிலிருந்துதான் உங்கள் சொந்தக்காரர் சொன்ன ஒட்டுக் கத்தரி. அவர் சொன்னதில் பாதி உண்மை. சுண்டை வேர் மேல் கத்தரி ஒட்டுக் கட்டினால் பாக்டீரியா வாடலும் வேர்முடிச்சு நூற்புழுவும் வெகுவாகக் குறையும். மழை கொட்டுகிற நம் பக்கத்தில், தட்டோனில் மோல்மீனில் எல்லாம், அது பெரிய விஷயம், வாடலில் மொத்தத் தோட்டமும் போனவர்களுக்குத் தெரியும். ஆனால் ஒட்டுக்கு மேலே இருக்கும் குருத்தும் காயும் அதே கத்தரிதான். சுண்டை தன் வேரின் பலத்தைத் தரும், காயின் தோலை மாற்றாது. துளைப்பான் எப்போதும் போல வரும். இன்னும் சொன்னால் ஒட்டுச் செடி நீண்ட நாள் நின்று காய்ப்பதால் பூச்சியும் நீண்ட நாள் நிற்கும், அதற்குத் தயாராக இருக்க வேண்டும்.

பி.டி. கத்தரி. மண்ணில் வாழும் பேசிலஸ் துரிஞ்சியென்சிஸ் (சுருக்கமாக பி.டி.) என்ற பாக்டீரியாவின் மரபணுவைக் கத்தரிக்குள் வைத்தது, அந்த மரபணுவுக்கு கிரை1ஏசி என்று பெயர். அது தரும் புரதம் புழுவின் காரத்தன்மையுள்ள குடலில் ஓட்டை போடும், புழு தின்பதை நிறுத்திச் சாகும். மேலே சொன்ன மூன்றில் இரண்டாவது வகை எதிர்ப்பு, கத்தரி ரகங்களிடம் மிகக் குறைவாக இருப்பது, இங்கே வெளியிலிருந்து கொடுக்கப்பட்டது. துளைப்பானுக்கு இதைவிட வலுவான செடி எதிர்ப்பு இதுவரை யாரும் கொண்டுவரவில்லை, அதை ஒப்புக்கொள்ள வேண்டும். இந்தியாவில் மகிகோ நிறுவனம் உருவாக்கியது, கோயம்புத்தூர் வேளாண் பல்கலைக்கழகம் கோ2, எம்.டி.யு.1, கே.கே.எம்.1, பி.எல்.ஆர்.1 என்ற நம்மூர் ரகங்களில் அதை ஏற்றியது. 2009 அக்டோபரில் அனுமதிக் குழு பச்சைக்கொடி காட்டியது, 2010 பிப்ரவரி 9 அன்று அப்போதைய அமைச்சர் ஜெய்ராம் ரமேஷ் நிறுத்தி வைத்தார், அப்படியே நிற்கிறது. வங்காளதேசம் 2013 அக்டோபரில் நான்கு ரகங்களுக்கு அனுமதி கொடுத்து, 2014 ஜனவரியில் 20 விவசாயிகளுக்கு நாற்று கொடுத்தது. 2018 வாக்கில் 27,000 பேருக்கு மேல் பயிரிட்டார்கள். அங்கே ஒரு பருவத்தில் எண்பது தடவைக்கு மேல் மருந்தடித்த விவசாயிகள் இருந்தார்கள் என்பதையும் சேர்த்துப் பார்த்தால் ஏன் வாங்கினார்கள் என்று புரியும்.

பர்மாவில் பி.டி. பருத்தி இருக்கிறது, மெய்க்திலா, மக்வே பக்கம் ங்வே சீ 6 என்று போடுகிறார்களே, அது. பி.டி. கத்தரிக்கு இங்கே அனுமதி இல்லை. யாராவது அரக்கான் எல்லை வழியாக விதை கொண்டுவந்து தருகிறேன் என்றால் வேண்டாம் என்று சொல்லுங்கள். சட்டம் ஒரு பக்கம். இன்னொரு பக்கம், அந்த விதை எதுவென்று உங்களால் கண்டுபிடிக்க முடியாது, காகிதத்தில் மடித்து வரும் எல்லாக் கத்தரி விதையும் ஒரே மாதிரிதான் இருக்கும். அப்புறம், அந்தப் புரதம் அந்துப்பூச்சிப் புழுவைத்தான் கொல்லும். தத்துப்பூச்சி, வெள்ளை ஈ, செஞ்சிலந்தி, புள்ளி வண்டு எதற்கும் ஒன்றும் ஆகாது. வரப்போரம் சாதாரணக் கத்தரி நட்டுக் கொஞ்சம் புழுவை உயிரோடு விட்டுவைக்க வேண்டும் என்ற விதியும் உண்டு, இல்லாவிட்டால் தாங்கிப் பிழைத்த புழுக்கள் தங்களுக்குள்ளேயே சேர்ந்து பெருகும். குஜராத்தில் பருத்தியின் இளஞ்சிவப்புக் காய்ப்புழு இதே கிரை1ஏசியைத் தாண்டிவிட்டது என்று 2010இல் அறிவித்தார்கள். செடியின் எதிர்ப்பையும் பூச்சி ஒருநாள் கற்றுக்கொள்ளும்.

இனி உங்கள் தோட்டத்துக்கு வருவோம். என் கருத்து இதுதான்: பாதி எதிர்ப்புள்ள ஒரு ரகத்தை எடுத்து, மிச்சப் பாதியைக் கையால் செய்ய வேண்டும். அப்படிச் செய்ய முதலில் அந்த மூன்று நாள் மருந்தை நிறுத்துங்கள். கோபப்படாதீர்கள். துளைப்பான் புழுவுக்குள் முட்டை வைக்கிற த்ரத்தாலா என்ற சின்னக் குளவி ஒன்று இருக்கிறது, உங்கள் மருந்து உள்ளே இருக்கும் புழுவை விட்டுவிட்டு வெளியே பறக்கும் அந்தக் குளவியைக் கொல்கிறது. பைரித்ராய்டு வகை மருந்தாக இருந்தால் செஞ்சிலந்தியும் சேர்ந்து பெருகும். உலகக் காய்கறி மையம் இந்தியா, வங்காளதேசம், இலங்கையில் விவசாயிகளோடு செய்து பார்த்தது இதைத்தான்: வாடிய குருத்தை வாராவாரம் வெட்டு, பெண் பூச்சியின் வாசனையைக் காட்டி ஆணைப் பிடிக்கும் இனக்கவர்ச்சிப் பொறி வை, மருந்தைக் குறை.

வாடிய குருத்தை, வாடிய இடத்துக்கு ஒரு அங்குலம் கீழே சேர்த்து வெட்டி, வாளியில் போட்டு, வெளியே கொண்டுபோய் எரிக்கவோ ஆழப் புதைக்கவோ வேண்டும். வெட்டி வரப்பில் போட்டால் வேலையே வீண், புழு அங்கேயே கூடு கட்டிவிடும். சொத்தைக் காயும் அப்படியே, செடியடியில் எறியக்கூடாது. பொறி பத்து மீட்டருக்கு ஒன்று, செடியின் தலை உயரத்தில். அதில் விழுவது ஆண் மட்டும்தான், நீங்கள் ஒருவர் வைத்துப் பக்கத்துத் தோட்டக்காரர் வைக்காவிட்டால் கருத்தரித்த பெண் அங்கிருந்து பறந்து வரும். இந்தப் பூச்சி பெரும்பாலும் கத்தரியையும் அதன் சொந்தங்களையும் நம்பியே பிழைப்பதால், நாலு தோட்டம் சேர்ந்து செய்தால் பலன் நன்றாகத் தெரியும். ஊர்க் கோயில் திருவிழாவுக்கு ஒன்றுகூட முடிகிறவர்களுக்கு இதற்கு ஒன்றுகூட முடியாதா?

யூரியா. தம்பி, உங்கள் பாதிச் சொத்தையில் இதற்கு நல்ல பங்கு இருக்கும் என்று சந்தேகப்படுகிறேன். யூரியாவை அள்ளிப் போட்டால் செடி கருகருவென்று வரும், குருத்து சாறு நிறைந்து மெத்தென்று இருக்கும், எந்த எதிர்ப்பு ரகமாக இருந்தாலும் அதன் கெட்டித்தனம் போய்விடும், துளைப்பானுக்கும் தத்துப்பூச்சிக்கும் அசுவினிக்கும் ஒரே சமயத்தில் இலை போட்ட மாதிரி. பிரித்துப் பிரித்துக் கொஞ்சமாகப் போடுங்கள், பொட்டாஷை மறக்காதீர்கள், வேப்பம் புண்ணாக்கு கிடைத்தால் அடியுரமாகப் போடுங்கள், மேல் பர்மாவில் வேம்புக்குப் பஞ்சமே இல்லை. அதற்கும் மேல் மருந்து அடித்தே ஆக வேண்டும் என்றால் எமாமெக்டின், ஸ்பினோசாட் மாதிரிப் புழுவுக்கென்று உள்ளதை, சாயங்காலத்தில், மாற்றி மாற்றி, சீட்டில் போட்ட அளவுக்கு. அடித்து எத்தனை நாள் கழித்துப் பறிக்க வேண்டும் என்றும் அதே சீட்டில் இருக்கும், மறுநாளே பறித்துச் சந்தைக்கு ஏற்றுவதை விட்டுவிடுங்கள்.

விதைக்கடை ரகத்தை வாங்கலாம், சின்னப் பொட்டலம் ஒன்று. முழுத் தோட்டத்துக்கும் வாங்காதீர்கள். அதை நாலு வரிசை, உங்கள் பழைய ஊதாவை நாலு வரிசை, ஊரில் யாராவது பாட்டி வீட்டில் விதை வைத்திருக்கும் நாட்டுப் பச்சையை நாலு வரிசை, ஆனால் ஒட்டிவைக்காமல் தோட்டத்தின் வெவ்வேறு மூலையில் நடுங்கள், மேலே சொன்ன "தேர்ந்தெடுக்க இருக்கும்போது விட்டுவிடும்" சிக்கல் கொஞ்சம் குறையும். ஒவ்வொரு பறிப்பிலும் நல்ல காயையும் சொத்தையையும் தனித்தனியாக வீசையில் நிறுத்து எழுதி வையுங்கள். சொத்தை எத்தனை சதவீதம் என்பதோடு நல்ல காய் மொத்தம் எவ்வளவு என்றும் பாருங்கள், சொத்தையே இல்லாமல் காயும் இல்லாத ரகம் யாருக்கு வேண்டும்.

நாட்டு ரகத்தில் ஏதாவது ஒரு செடி கடைசிப் பறிப்பு வரை சுத்தமாக நின்றால் அதை விடாதீர்கள். வீரிய ரகத்தில் இப்படி விதை எடுத்துப் பயனில்லை, அடுத்த தலைமுறை சிதறிவிடும். கத்தரி பெரும்பாலும் தன் மகரந்தத்தாலேயே காய்த்தாலும் தேனீ வேறு செடியிலிருந்து கொண்டுவருவதும் உண்டு, ஆகவே பூ விரியுமுன் மொட்டை மெல்லிய துணிப்பையால் மூடி, காய் பிடித்ததும் பையைக் கழற்றி நூல் கட்டி அடையாளம் வைத்து, காய் மஞ்சளாகிப் பழுத்த பிறகு விதை எடுங்கள். அடுத்த பருவத்தில் அதிலிருந்து மறுபடி சுத்தமான செடியாகப் பார்த்து எடுக்க வேண்டும். பல வருஷ வேலை, ஆனால் நம்மூர் மழைக்கும் மண்ணுக்கும் பூச்சிக்கும் பழகிய விதை வேறு வழியில் வராது.

இப்போது நிற்கிற ஊதாச் செடிகளைக் கேட்கவில்லை, ஆனாலும் சொல்கிறேன். கவாத்து செய்து மறுதாம்பு விடும் (வெட்டிய செடியைத் திரும்பத் தழைய வைத்துக் காய் எடுக்கும்) எண்ணம் இருந்தால் விட்டுவிடுங்கள், பூச்சியையும் சேர்த்துத்தான் மறுதாம்பு விடுவீர்கள். தண்ணீர்த் திருவிழாவுக்கு முன்னால் வேரோடு பிடுங்கி எரித்துவிடுங்கள். காய்ந்த கத்தரிமாரை அடுப்புக்கு ஆகும் என்று கொட்டகை ஓரம் அடுக்கி வைக்கிறார்கள், அதற்குள் இருக்கும் கூட்டிலிருந்து அந்துப்பூச்சி வாரக்கணக்கில் வெளியே வந்துகொண்டிருக்கும், புது நாற்றங்காலும் பெரும்பாலும் அதே கொட்டகைக்குப் பக்கத்தில்தான் இருக்கும்.